தீபாவளிக்கு வாங்குன போன், மார்கழி முடியறதுக்குள்ள செத்துப்போச்சு – சர்வீஸ் சென்டருக்குப் போறதுக்கு முன்னால என்ன பார்க்கோணுமுங்க?

தறிச்சத்தம் (சோமனூர்)

வணக்கமுங்க. தீபாவளிக்கு வாங்குன போனு, பொட்டுனு போயிருச்சு. நேத்து பொழுதோட ஊடை நூல் கொண்டாந்த வண்டிக்காரருக்கு வாடகை போட்டுட்டு டேபிள் மேல வெச்சனுங்க, சித்த நேரங்கழிச்சு எடுத்துப் பார்த்தா ஸ்க்ரீன் கருப்பு. சார்ஜ் பாதிக்கு மேல இருந்துச்சு, கீழ விழுகல, தண்ணி படல. பவர் பட்டன அமுத்தியாச்சு, சார்ஜர் சொருகியாச்சு, ஒரு அசைவும் இல்லைங்க. 24 ஆயிரத்துச் சொச்சம், இஎம்ஐ இன்னும் ஓடிட்டிருக்குது. வாங்குன கடைக்குப் போனா "எங்ககிட்ட 7 நாள்தானுங்க, இனி கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்"னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கு காந்திபுரம் போகோணும், போனா ஒரு நாள் தறி நிக்கும். பாவு வந்த கணக்கு, துணி போன கணக்கு, என்ற பொண்ணு சீர் போட்டோ எல்லாமே அதுக்குள்ளதான் கெடக்குது. வெவரந் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சால்டரிங் தம்பி (காந்திபுரம்)

அண்ணா, நான் மொபைல் ரிப்பேர் வேலையிலதான் இருக்கறனுங்க. பஸ் ஏர்றதுக்கு முன்னால வூட்லயே சிலது பாத்துருங்க.

பவர் பட்டனையும் வால்யூம் கொறைக்கற பட்டனையும் ஒட்டுக்கா அமுத்தி ஒரு 20 செகண்டு விடாம புடிங்க. சாப்ட்வேர் அப்படியே உறைஞ்சு நின்னுருந்தா வெறும் பவர் பட்டனுக்கு மசியாது, இதுக்கு மசியும். நெறைய ஆண்ட்ராய்டுக்கு இதே முறைதான். அப்பறம் வேற ஆளு போன்ல இருந்து உங்க நம்பருக்கு கூப்புடுங்க. ரிங் போச்சுன்னா போன் உசுரோட இருக்குது, டிஸ்ப்ளேதான் போயிருக்குது. ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா போர்டு (உள்ள இருக்கற மெயின் சர்க்யூட்) பக்கமோ பேட்டரி பக்கமோ கோளாறு. கம்ப்யூட்டர் இருந்தா கேபிள்ல சொருகிப் பாருங்க, "டிங்"குனு சத்தம் வந்தாலே போர்டுல கொஞ்சமாச்சும் உசுரு இருக்குதுன்னு அர்த்தம்.

இன்னொன்னு, நீங்க சோமனூர்ங்கறதால கேக்கறேன், தறிக்குடோன்ல பறக்கற பஞ்சு சார்ஜிங் ஓட்டைக்குள்ள போயி அடைஞ்சுக்கும். பாக்கெட்ல போட்டு எடுக்க எடுக்க, கேபிள் சொருக சொருக, அந்தப் பஞ்சு அடியில போயி கெட்டியா படிஞ்சுரும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கேபிள் முழுசா உள்ள போகாம லேசா வெளிய நின்னா அதேதான். மரப் பல்லுக்குச்சிய சீவி ஓரமா சொரண்டி எடுங்க. ஊசி, சேப்டி பின் மட்டும் ஆகவே ஆகாது. டைப்-சி ஓட்டைக்கு நடுவுல ஒரு மெல்லிசுப் பட்டை இருக்கும், அது மேலதான் பின்னு வரிசை. அதுல ஒரு கீறல் விழுந்தாலும் சர்வீஸ் சென்டர்ல கஸ்டமர் பண்ண டேமேஜ்னு எழுதிப்போடுவாங்க, வாரண்டி போச்சு. பல்லடம், திருப்பூர் பக்கமிருந்து வர்ற போன்ல பாதிக்கு இந்தப் பஞ்சுதாங்ணா வியாதி.


நொய்யல்காரன் (திருப்பூர்)

எல்லாரும் சர்வீஸ் சென்டர் சர்வீஸ் சென்டர்ங்கறீங்க, ஒரு நாள் வேலை கெட்டு, டோக்கன் போட்டு ஒக்காந்து, அப்பறம் "பார்ட்ஸ் வரோணும், போன் பண்றோம்"னு அனுப்புவாங்க. நம்மூரு கடைப் பசங்க கெட்டிக்காரங்க. கழட்டி பேட்டரி கனெக்டர ஒருக்கா எடுத்துட்டு மறுக்கா மாட்டுனாலே பாதிப் போன் எந்திரிச்சுக்கும், எரநூறு முந்நூறு வாங்குவாங்க. ஏவாரம் பண்றவனுக்கு போன் இல்லாத ஒவ்வொரு நாளும் நட்டம்தானுங்களே. எனக்கென்னமோ பக்கத்துக் கடைக்கு கொண்டுபோறதுதான் புத்தின்னு படுது.


தறிச்சத்தம்

தம்பி சொன்ன மாதிரி பார்த்தனுங்க. ஓட்டைக்குள்ள இருந்து பஞ்சு உருண்டையா வந்துச்சு, கேபிள் இப்ப "டக்"குனு உள்ள போயி உக்காருது. ராவெல்லாம் வேற சார்ஜர்ல போட்டு வெச்சும் எந்திரிக்கல. நம்பருக்குக் கூப்புட்டா ஸ்விட்ச் ஆஃப். பட்டன் ரெண்டையும் புடிச்சாச்சு, அதுவும் ஆகல. நொய்யல்காரர் சொல்றதும் நாயமாத்தான் படுது, சோமனூர்லயே கழட்டிப் பார்த்துரலாமுங்களா?


சால்டரிங் தம்பி

வேண்டாமுங்ணா, கழட்ட விட்றாதீங்க. கடைக்காரன் நானே சொல்றேன். பேட்டரி கனெக்டர் மாட்டி எடுத்தா செலது எந்திரிக்கும், அது நெசந்தான். ஆனா பின்மூடிய சூடு பண்ணி எடுக்கோணும், உள்ள ஸ்க்ரூ மேல கம்பெனி சீல் ஒட்டியிருக்கும், பின்மூடி கம்மு தனி கம்மு. மறுக்கா ஒட்டுனா சர்வீஸ் சென்டர்ல திறந்த ஒடனே கண்டுக்குவாங்க. வாரண்டி முடிஞ்ச போனா இருந்தா நானே கொண்டாங்கன்னு சொல்லுவேன். உங்களுது ஒரு வருச வாரண்டில இன்னும் கால்வாசி கூட ஓடல. போர்டு போயிருந்தா வெளிய 10 ஆயிரத்துக்கு மேல ஆகும், அங்க ஓசில மாத்தித் தரோணும். எரநூறு ரூவாயப் பாத்து அத விட்றாதீங்க.


பவானிக்காரி (பவானி)

தறிச்சத்தம் அண்ணா, போகறதுக்கு முன்னால இத படிச்சுட்டுப் போங்க. போன வருசம் என்ற போன்ல அப்டேட் போட்ட மறுநாள் ஸ்க்ரீன் நடுவுல மேலிருந்து கீழ பச்சைக் கோடு விழுந்துச்சு. அமோலெட் டிஸ்ப்ளே போனுங்கள்ல இந்தப் பச்சைக் கோடு பல கம்பெனிலயும் வந்திருக்குது, நெட்ல தேடுனா ஊர்ப்பட்ட பேரு பொலம்பியிருக்காங்க. நான் ஈரோட்ல சர்வீஸ் சென்டருக்கு கொண்டுபோனப்ப கவுன்டர்ல இருந்த பொண்ணு போன வாங்கி மடமடன்னு கம்ப்யூட்டர்ல தட்டி ஒரு ஜாப் ஷீட் (ரிப்பேருக்குப் போன வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு) குடுத்து கையெழுத்துப் போடுங்கக்கான்னுது. நான் நின்னு படிச்சேன். "போனின் நிலை"ங்கற எடத்துல "கீறல், அடி உள்ளது"ன்னு தானா வந்திருந்துச்சு, எல்லாருக்கும் அதையேதான் போடுவாங்களாம். போன திருப்பித் திருப்பிக் காமிச்சு எங்கீங்க அடின்னு கேட்டேன், அதுக்கப்பறம் "கீறல் இல்லை, அடி இல்லை, டிஸ்ப்ளேவில் பச்சைக் கோடு"ன்னு மாத்தி அச்சடிச்சுக் குடுத்துச்சு. பின்னால ஆளுங்க நின்னு அவசரப்படுத்துனாங்க, நான் நகரல.

ரெண்டு வாரங்கழிச்சு கூப்புட்டு "உள்ள அடி பட்டிருக்குது, வாரண்டி வராது, 9 ஆயிரம் கட்டுங்க"ன்னாங்க. அப்ப அந்த ஜாப் ஷீட்டுத்தானுங்க எனக்குக் கை குடுத்துச்சு. உங்க கைக்குக் குடுக்கறப்ப அடி இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்பறம் எப்புடி வந்துச்சுன்னு கம்பெனிக்கு மெயில் போட்டேன், 1915-ங்கற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், தமிழ்லயே பேசுனாங்க. அதுலயும் இழுத்தடிச்சாங்க, ஈரோடு நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்தேன். நோட்டீஸ் போன பொறகு டிஸ்ப்ளே மாத்தித் தர்றோம், கேஸ வாபஸ் வாங்கிக்கங்கன்னு வந்தாங்க. எழுதி வாங்கிட்டு, போன் கைக்கு வந்த பொறகுதான் வாபஸ் வாங்குனேன்.

அதனால சொல்றேன் அண்ணா, கவுன்டர்ல சண்டை போட்டு பிரயோசனம் இல்லைங்க, அங்க இருக்கற புள்ளைங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க. நீங்க வாங்கோணும்ங்கறது காயிதம். போன நாலாபக்கமும் வீடியோ எடுத்துக்கங்க, சிம் டிரேவ உருவி உள்ளயும் எடுங்க. கோளாறு என்னன்னு உங்க வார்த்தைல எழுதச் சொல்லுங்க, "செக்கிங்"னு மட்டும் போட்டா ஒத்துக்காதீங்க. ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற 15 இலக்க அடையாள நம்பர்) பில்லுலயும் ஜாப் ஷீட்லயும் ஒண்ணா இருக்குதான்னு பாருங்க. பில்லு அந்த வழவழப்புத் தாளா இருந்தா இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ஆறு மாசத்துல எழுத்து மங்கி வெள்ளைத்தாளா ஆயிரும்.


இளநிக்காடு (பொள்ளாச்சி)

சிம்ம கழட்டி பழைய போன்ல போட்டுக்கங்கண்ணா, அது மொதல்ல. மெமரி கார்டு போட்டிருந்தா அதையும் எடுத்துருங்க. வாட்சப் ஓடிபி அந்த சிம்முக்கே வந்துரும், கூகுள்ல பேக்கப் ஓடியிருந்தா ஆர்டர் மெசேஜ் எல்லாம் திரும்பி வந்துரும். ஜிபே மாதிரி யுபிஐ ஆப்புங்க அந்த சிம்முல இருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதியும், அதனால சிம்முல எஸ்எம்எஸ் போறதுக்கு பேலன்ஸ் வெச்சுக்கங்க. புது போன்ல பதிஞ்ச மொத 24 மணி நேரம் அனுப்பற தொகைக்கு வரம்பு இருக்கும், அதனால கூலி குடுக்கற சனிக்கெழமைக்கு முன்னாலயே பண்ணி வெச்சுருங்க.

இஎம்ஐ நிறுத்திராதீங்க. போன் செத்தது உங்களுக்கும் கடைக்கும் கம்பெனிக்கும் இருக்கற வழக்கு, கடன் குடுத்த பைனான்சுக்கு அது தெரியாது. கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டறீங்களான்னு பாக்கற மார்க்) அடிபடும், நாளைக்கு தறிக்கு லோன் கேட்டா அங்க வந்து நிக்கும்.


தறிச்சத்தம்

எல்லாருக்கும் நன்றிங்க. போயிட்டு வந்துட்டனுங்க. பவானிக்கார அம்மிணி சொன்ன மாதிரியே ஜாப் ஷீட்ட நின்னு படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். "ஆன் ஆகவில்லை, வெளிச்சேதம் இல்லை"ன்னு எழுதி வாங்குனேன். சிம் டிரேவ உருவி வீடியோ எடுத்தப்பவே கவுன்டர் பையன் ஒரு மாதிரி பார்த்தான், சரின்னு விட்டுட்டான்.

இன்னைக்கு சர்வீஸ் சென்டர்ல இருந்து கூப்புட்டாங்க. "போர்டுல ஈரம் பட்டிருக்குது சார், வாரண்டில வராது, போர்டு மாத்த 13,800 ஆகும், வேண்டாம்னா அப்படியே வாங்கிக்கங்க"ன்னு சொல்றாங்க. எனக்கு வயிறு எரியுதுங்க. தண்ணி எங்கீங்க பட்டுச்சு? தறிக்குடோன்ல ஈரமே கெடையாது, மழைல கொண்டுபோகல. போட்டோ அனுப்புங்கன்னேன், "அதெல்லாம் அனுப்ப முடியாது சார், நேர்ல வந்தா காட்டறோம்"ங்கறாங்க. இப்ப என்ன பண்ணட்டும்? பணத்தக் கட்டிட்டு வந்துரட்டுமா?


சால்டரிங் தம்பி

கட்டாதீங்ணா. மொதல்ல நீங்க எடுத்த வீடியோவுல சிம் டிரே ஓட்டைய நிறுத்திப் பாருங்க. பல போன்ல அந்த ஓட்டைக்குள்ள ஓரத்துல சின்னதா ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். தண்ணி பட்டா அது செவப்பாவோ ரோஸ் கலராவோ மாறிரும், மறுக்கா வெள்ளையாகாது. உங்க மாடல்ல அது அங்க இருந்து, வெள்ளையாவே இருந்தா, சிம் பக்கமா தண்ணி உள்ள போகலன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட தேதியோட சாட்சி இருக்குது. உள்ளயும் ஒன்னு ரெண்டு எடத்துல அதே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அவங்க எதைப் பாத்து ஈரம்னு சொல்றாங்கன்னு கேளுங்க. ஸ்டிக்கர் செவந்திருக்குதா, இல்ல போர்டுல துரு புடிச்ச மாதிரி பச்சையா வெள்ளையா படிஞ்சிருக்குதா? ரெண்டும் இல்லாம "ஈரம்"னா அது பேச்சு.

ஐபி68னு (தண்ணி, தூசி தாங்கும்ங்கற தரக்குறி) போட்ட போனா இருந்தாலும் தண்ணி பட்டதுக்கு வாரண்டி குடுக்க மாட்டாங்க, அது வாரண்டிச் சீட்லயே இருக்கும். அதனாலதான் ஈரம்னு ஒரு வார்த்தை எழுதிட்டா அவங்களுக்கு வேலை முடிஞ்சுது. அத எழுத விடாம பண்றதுலதான் வெசயமே இருக்குது.


கோபி வக்கீல் (கோபிசெட்டிபாளையம்)

இந்த மாதிரி வழக்கு பார்த்த அனுபவத்துல சொல்றனுங்க.

வாயில சொன்னத வெச்சு எதுவும் பண்ண முடியாது. சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனி தலைமைக் குறைதீர் அதிகாரிக்கும் ஒரே மெயில் போடுங்க. ஜாப் ஷீட் நம்பர், பில் தேதி, ஐஎம்இஐ, குடுக்கறப்ப வெளிச்சேதம் இல்லைன்னு அவங்களே எழுதுனது, உங்க வீடியோ எல்லாத்தையும் சேருங்க. "ஈரம் பட்டது என்பதற்கான போட்டோவையும் டெக்னிக்கல் ரிப்போர்ட்டையும் எழுத்தில் தரவும், என் சம்மதம் இல்லாமல் பார்ட்ஸ் மாற்றவோ போனைத் திருப்பி அனுப்பவோ வேண்டாம்"னு ரெண்டே வரில கேளுங்க. கோவமா எழுதாதீங்க, அந்த மெயில நாளைக்கு ஆணையத்துல உறுப்பினர்கள் படிப்பாங்க. அதே நாள்ல 1915-லயும் புகார் பதிஞ்சுருங்க. 1915 உத்தரவு போடற எடம் இல்ல, கம்பெனிக்கு அனுப்பி பேசி முடிக்கற எடம். ஆனா பெரிய கம்பெனிங்க அதுல வந்த புகார தூக்கிப் போட மாட்டாங்க.

அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே, கோயமுத்தூர்லயே போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் டெல்லில இருந்தாலும் அவங்கதான் இங்க வரோணும். 5 லட்ச ரூவா வரைக்கும் பீஸ் கெடையாது. கோளாறு வந்த நாள்ல இருந்து 2 வருசத்துக்குள்ள போடோணும். வக்கீல் வெக்கோணும்னு கட்டாயம் இல்ல, நீங்களே பேசலாம். ஆன்லைன்ல இ-ஜாக்ரிதிங்கற தளத்துல மனு ஏத்தலாம். கம்பெனி, சர்வீஸ் சென்டர், வித்த கடை மூணு பேரையும் எதிர் தரப்பா சேருங்க. கடைக்காரர் "7 நாள்தான்"னு சொன்னது அவர் கடை ரிட்டர்ன் பாலிசி, சட்டத்துல அதோட அவரு பொறுப்பு முடிஞ்சுராது. எதிர் தரப்புக்கு பதில் போட 30 நாள், கேட்டா இன்னும் 15 நாள். சோதனை தேவையில்லாத வழக்க 3 மாசத்துலயும், லேப் சோதனை வேணுங்கறத 5 மாசத்துலயும் முடிக்கோணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதுக்கு மேலயும் போகும், அத மனசுல வெச்சுக்கங்க. தண்ணி பட்டுச்சா இல்லையான்னு சண்டை வந்தா போன லேபுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேக்கலாம். அதனாலதான் பிரிக்காத போனு முக்கியம், வெளிக்கடைல கழட்டியிருந்தா இந்த வழி அடைஞ்சிருக்கும்.

ஆன்லைன்ல வாங்குனவங்களுக்கும் சொல்றேன். 2020 மின்வணிக விதிகள் படி அந்தத் தளத்துக்கு குறைதீர் அதிகாரி இருக்கோணும், 48 மணி நேரத்துல புகார் கெடச்சுதுன்னு சொல்லோணும், ஒரு மாசத்துல தீர்க்கோணும். சேட்ல இருக்கற ஆளோட மல்லுக்கட்டறத விட்டுட்டு அந்த அதிகாரிக்கு எழுதுங்க.


தறிச்சத்தம்

மெயில் போட்டேன், 1915-லயும் பதிஞ்சேன். வீடியோவ நிறுத்திப் பார்த்தா தம்பி சொன்ன ஸ்டிக்கர் தெரியுதுங்க, வெள்ளை வெளேர்னு இருக்குது. அந்தப் படத்தையும் மெயில்ல சேர்த்தேன்.

இன்னைக்கு மேலாபீஸ்ல இருந்து ஒரு அம்மா கூப்புட்டாங்க, மரியாதையா பேசுனாங்க. மறுபடி செக் பண்ணச் சொல்லியிருக்கோம், சார்ஜிங் பக்கம் லேசா படிவு இருந்தத ஈரம்னு எடுத்துட்டாங்க, போர்டு வாரண்டிலயே மாத்தித் தர்றோம்னாங்க. ஆனா போர்டு மாத்துனா உள்ள இருக்கறது ஒன்னும் வராதாமா. சீர் போட்டோவும் கணக்கும் போயிருமேன்னு வூட்ல ஒரே பொலம்பல். தம்பி, பழைய போர்ட வாங்கிட்டு வந்தா நீங்க எடுத்துத் தருவீங்களா?


சால்டரிங் தம்பி

பழைய போர்டு தர மாட்டாங்ணா, வாரண்டில மாத்துனா அது கம்பெனிக்குத்தான். தந்தாலும் மெமரி சிப்ப மட்டும் கழட்டி இன்னொன்னுல போட்டு படிக்க முடியாது. இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போன் எல்லாத்துலயும் உள்ள இருக்கறது பூட்டித்தான் இருக்கும், அந்தச் சாவி அதே போர்டு பிராசசரோட சேர்ந்தது. அந்த போர்டு மறுக்கா உசுரோட எந்திரிச்சு, நீங்க பேட்டர்ன் போட்டாத்தான் தொறக்கும்.

அதனால உங்க முன்னால ரெண்டு வழிதான். போர்ட மாத்தாம போன வாங்கிட்டு வந்து வெளிய போர்டு வேலை பண்றது. பவர் ஐசிதான் (போர்டுல கரண்ட பிரிச்சுக் குடுக்கற சிப்பு) ஷார்ட்டுன்னா எழுப்பிரலாம், டேட்டாவும் இருக்கும், ஆனா எழும்பும்னு ஆரும் உறுதி சொல்ல முடியாது, வாரண்டியும் போயிரும். இல்லைன்னா ஓசி போர்டு, டேட்டா போச்சு. கல்யாண வூட்டு வீடியோ ஒரே பிரதி அதுலதான்னு ஒருத்தர் வந்தாரு, அவருக்கு மொத வழியத்தான் சொன்னேன். உங்களுக்கு அந்த போட்டோ வேற ஆருகிட்டயாச்சும் இருக்குதான்னு மொதல்ல கேட்டுப் பாருங்க.


நொய்யல்காரன்

சீர்னா போட்டோகிராபர் கட்டாயம் வந்திருப்பாரே, அவரு ஹார்டு டிஸ்க்ல இருக்கும். சொந்தக்காரங்க வாட்சப் குரூப்ல ஊரே போட்டிருக்குமுங்க. கணக்குக்கு பாவு குடுத்த மாஸ்டர் வீவர் நோட்டுல ஒரு பிரதி இருக்கும்ல? வாரண்டிலயே வாங்கிருங்க. ஈரம்னு எழுதுனத மாத்த வெச்சீங்க பாருங்க, அத நான் எதிர்பார்க்கல, நல்ல காரியம் பண்ணீங்க.


தறிச்சத்தம்

நொய்யல்காரர் சொன்னது சரிதானுங்க. போட்டோகிராபர்கிட்ட முழுசா இருக்குது, என்ற மச்சாண்டாரு போன்லயும் பாதி இருக்குது. கூகுள் பேக்கப்புல வாட்சப் மெசேஜும் வந்துருச்சு. போர்டு மாத்தச் சொல்லிட்டேன்.

போன் கைக்கு வந்துருச்சுங்க, ஓடுது. *#06# போட்டுப் பார்த்தா ஐஎம்இஐ வேற நம்பரா இருக்குது. இது சரியா?


சால்டரிங் தம்பி

போர்டு மாறுனா ஐஎம்இஐ மாறும், அது சரிதான். ஆனா சர்வீஸ் ரிப்போர்ட்ல பழைய நம்பர், புது நம்பர் ரெண்டும் இருக்கோணும். இல்லைன்னா சர்வீஸ் சென்டர விட்டு நகராதீங்க. அடுத்த தடவ வாரண்டிக்குப் போனா பில்லுல ஒரு நம்பர், போன்ல ஒரு நம்பர்னு திருப்பி அனுப்பிருவாங்க, விக்கப் போனாலும் திருட்டுப் போனான்னு கேப்பாங்க. கேஒய்எம்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு எடம் விட்டு அந்த 15 நம்பரையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புனா அரசாங்கப் பதிவுல அந்த நம்பர் எந்த மாடல்னு வரும், உங்க மாடலேதானான்னு பாத்துக்கங்க. வாரண்டி பெரும்பாலும் பழைய பில் தேதில இருந்துதான் எண்ணுவாங்க, புதுசா ஒரு வருசம் வராது.


மஞ்சக்காடு (ஈரோடு)

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். எனக்கும் இதே கதி, ஆனா பில்லு எங்க மஞ்ச மண்டி பேர்ல ஜிஎஸ்டி நம்பரோட போட்டிருக்குது, 18 சதவீத வரிய உள்ளீட்டு வரவுல (நாங்க கட்டற ஜிஎஸ்டில கழிச்சுக்கறது) எடுத்துக்கலாம்னு ஆடிட்டர் சொன்னாரு. நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமுங்களா?


கோபி வக்கீல்

கஷ்டமுங்க. வணிகத்துக்கு வாங்குன பொருளுக்கு நீங்க நுகர்வோர் இல்லைன்னுதான் எதிர் தரப்பு மொத வாதமே வெக்கும், வரி வரவு எடுத்திருந்தா அதையே ஆதாரமா காட்டுவாங்க. சுயதொழில்ல சொந்தப் பொழப்புக்காக மட்டும் வாங்குனதுன்னா சட்டத்துல விலக்கு இருக்குது, நீங்க ஒத்தையா மண்டி நடத்தறீங்களா, பார்ட்னர்ஷிப்பா, எத்தன பேரு வேலைக்கு இருக்காங்கங்கறதப் பொறுத்து அது நிக்கும். ஆனா வாரண்டி உங்களுக்கு அப்படியே இருக்குது, பில்லு ஆரு பேர்ல இருந்தாலும் அது போகாது. அதனால ஆணையத்த நெனைக்காம ஜாப் ஷீட்டும் மெயிலுமா நீங்களும் தறிச்சத்தம் போன வழியிலயே போங்க. பார்ட்னர்ஷிப் பத்திரமும் பில்லும் எடுத்து வெச்சுட்டு தனிச்செய்தில சொல்லுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.


மஞ்சக்காடு

பார்ட்னர்ஷிப்தானுங்க, நானும் எங்க பெரியப்பா பையனும். திங்கக்கெழமை சர்வீஸ் சென்டருக்குப் போறேன். சிம் டிரே வீடியோவ இப்பவே எடுத்துட்டேன், எங்களுதுலயும் ஸ்டிக்கர் வெள்ளையாத்தான் இருக்குது.